சூலம் பிடித்த காசு

எங்கள் வீட்டில் சாமி கும்பிட்டதும் அடி வாங்கியதும் ஒரே பொருளிடம்தான். பதினொரு வெள்ளிக்காசுகளைக் கோத்த ஓர் இடுப்புப் பட்டை அது. ‘காசு பெல்ட்’ என்போம். ஒவ்வொரு காசும் பிஸ்கட் அளவு அகலம், நல்ல கனம். தோல் கோயிலுக்குள் ஆகாது என்பதால், ரப்பர் ஆலை எந்திரத்தில் ஓடிய தடித்த கான்வாஸ் பட்டையை வெட்டி, அதில் காசுகளை மேல் விளிம்பில் மட்டும் கம்பியால் தைத்திருந்தார்கள். எங்கள் முதுகில் அத்தனை வருடம் ஓடியும் அந்தப் பட்டை தேயவில்லை. அந்தக் காலத்துப் பொருள் எவ்வளவு உறுதி பாருங்கள் என்று யாராவது பெருமை பேசினால் எனக்கு இன்றைக்கும் எரிச்சல் வரும்.

அப்பாவின் தாத்தா கேரி தீவில் ஒரு ரப்பர் தோட்டத்தின் கங்காணி. தமிழ்நாட்டுக்குப் போய் ஆள் திரட்டி, ஒரு கப்பல் நிறைத்துக் கொண்டுவந்தால் துரை அவருக்கு ஒரு வெள்ளிக்காசு பரிசாகத் தருவாராம். பதினொரு கப்பல், பதினொரு காசு. அப்பா இதை மீசையைத் தடவிக்கொண்டே சொல்வார். கப்பலில் வந்தவர்கள் என்ன ஆனார்கள் என்று நான் ஒருமுறை கேட்டேன். பதிலுக்கு அறைதான் வந்தது.

காசின் ஒரு பக்கத்தில் ஒரு பெண் நின்றிருப்பாள். ஒரு கையில் சூலம், இன்னொரு கையில் அகலமாக ஏதோ ஒன்று. பின்னால் கடல், அதில் ஒரு கப்பல். சூலம் பிடித்த பெண் காளியைத் தவிர வேறு யாராக இருக்க முடியும்? நம்மைக் கப்பலோடு துணைக்கு வந்து கரை சேர்த்தவள் என்று தோட்டத்து ஜனங்கள் நம்பினார்கள். இன்னொரு கையில் இருப்பது முறம் என்று எங்கள் வீட்டில் முடிவு செய்திருந்தோம். காளிக்கு எதற்கு முறம் என்று யாரும் கேட்கவில்லை. காசின் மறுபக்கத்தில் கோடும் வளைவுமாக இருந்தது காளியின் சக்கரம். ஒவ்வொரு காசிலும் அவள் தலைக்கு மேல் குங்குமம் வைப்போம்.

காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் கங்காணி அந்த பெல்ட்டைக் கட்டிக்கொண்டு நிற்பாராம். உடம்பு சரியில்லை என்று எவனாவது சொன்னால், நடுக்காசைத் தொட்டுச் சத்தியம் செய்யச் சொல்வார். பொய்ச் சத்தியம் செய்தவனைக் காளி தண்டிப்பாள். காளி வரத் தாமதமானால் கங்காணியே பெல்ட்டை அவிழ்த்துவிடுவார். ஒருவன் இரண்டு நாள் ரத்த வாந்தி எடுத்துச் செத்தான் என்றும், அவன் பொய் சொன்னதால்தான் செத்தான் என்றும் அப்பா சொல்வார். அவர் முகத்தில் அப்போது பக்தி இருக்கும்.

தோட்டத்து லயக் குடியிருப்புகளை இடித்தபோது ஜனங்கள் கிள்ளான் டவுனுக்கு வந்தார்கள். காளியின் சிலையும் எங்கள் பெல்ட்டும் ஒரே லோரியில் வந்தன. கார்ப் பட்டறைக்குப் பக்கத்தில் கிடைத்த துண்டு நிலத்தில் கோயில் எழுந்தது. வருடா வருடம் திருவிழாவில் பெல்ட் கட்டியவருக்குத்தான் முதல் மரியாதை. பூசாரி அவர் தலையில் பரிவட்டம் கட்டி, முதல் திருநீறு தருவார். பிறகு ஊரே வரிசையில் வந்து, அவர் இடுப்பில் இருக்கும் நடுக்காசைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும். அவர் ஒவ்வொருவர் நெற்றியிலும் திருநீறு பூசிவிடுவார்.

அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டினார். அங்கே அவருக்கு மேலே பத்து அதிகாரிகள். கோயிலில் அவருக்கு மேலே காளி மட்டும். வீட்டில் காளியும் அவர் இடுப்பில்தான்.

எனக்குப் பத்து வயது இருக்கும். அண்ணனுக்குப் பதினான்கு. அப்பாவின் புது மோட்டார் சைக்கிள் கண்ணாடியை நான் துடைப்பக்கட்டையால் இடித்து உடைத்துவிட்டேன். அப்பா வேலை முடிந்து வந்து பார்த்தார். நேராகச் சாமி அறைக்குப் போய் பெல்ட்டை எடுத்து வந்து மேசைமேல் வைத்தார்.

“யாரு வேல இது? ரெண்டு பேரும் வந்து காளியத் தொட்டுச் சொல்லுங்க.”

என் கால் நடுங்கியது. தொட்டுப் பொய் சொன்னால் காளி அடிப்பாள். தொட்டு உண்மை சொன்னால் அப்பா அடிப்பார். அதற்குள் அண்ணன் முன்னால் போய் நடுக்காசின்மேல் உள்ளங்கையை வைத்தான்.

“நாந்தாம்பா ஒடச்சேன்.”

அவன் உதடு வெளுத்திருந்தது. அவன் பயந்தது அப்பாவுக்கு அல்ல. அப்பாவின் அடி அவனுக்குப் பழக்கம். காளியைத் தொட்டுப் பொய் சொன்னது அன்றைக்குத்தான் முதல் தடவை.

அப்பா பெல்ட்டை இரண்டாக மடித்துப் பிடித்தார். முதுகில் விழுந்த ஒவ்வொரு அடிக்கும் காசுகள் ஒன்றோடொன்று மோதிச் சத்தம் போட்டன. அம்மா சமையலறை வாசலில் நின்று, “போதுங்க, போதுங்க” என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். கிட்டே வரவில்லை. போன வாரம் குறுக்கே வந்ததற்கு அவள் கையில் இன்னும் கட்டு இருந்தது. அண்ணன் முதுகைக் குனிந்து காட்டிக்கொண்டு நின்றவன், எதற்கோ தலையைத் திருப்பினான். கடைசிக் காசு அவன் இடது காதில் போய் விழுந்தது. ரத்தம் கழுத்து வழியாக வழிந்து சட்டைக் காலரில் இறங்கியது. அப்பா பெல்ட்டைத் துடைத்துச் சாமி அறையில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனார்.

மருத்துவமனையில் அம்மா, பையன் குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டான் என்றாள். டாக்டர் எழுதிக்கொண்டார். அந்தக் காது அதன்பின் கேட்கவே இல்லை.

அண்ணன் கட்டிலில் படுத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டான். “பாப்பா, பொய்ச் சத்தியம் பண்ணேன்ல. காளியாத்தா காத எடுத்துக்கிச்சு. கண்ண எடுக்காம விட்டுச்சே, அது போதும்.”

“அப்பாதாண்ணே அடிச்சாரு.”

“அப்பா அடிச்சாரு. எடுத்தது அது.”

கண்ணாடியை உடைத்தது நான். இன்றுவரை அந்தக் காது என் கணக்கில்தான் இருக்கிறது.

அடியாத மாடு படியாது என்பது அப்பாவின் வேதம். ஊருக்கும் அதைத்தான் ஓதினார். எனக்குப் பதினாறு வயதானபோது கோயிலில் இரண்டு கோஷ்டி ஆனது. எதிர்க் கோஷ்டிக்காரர்கள் தங்கள் ஆளுக்கு முதல் மரியாதை வேண்டும் என்று திருவிழா அன்று ஹெல்மெட்டும் இரும்புக் குழாயுமாக வந்தார்கள். பூசாரி கையிலிருந்த தட்டைத் தட்டிவிட்டார்கள். பிளாஸ்டிக் நாற்காலிகள் பறந்தன. பொங்கல் பானை உடைந்து, கொதிக்கும் பொங்கல் ஒரு பெண்ணின் காலில் கொட்டியது. அப்பா இடுப்பிலிருந்து பெல்ட்டை அவிழ்த்தார். ஒரு முனையை முஷ்டியில் சுற்றிக்கொண்டு வீசினார். முன்னால் வந்தவனின் ஹெல்மெட் கண்ணாடி உடைந்து, அதற்குப் பின்னால் இருந்த பற்களும் உடைந்தன. அவன் வாயைப் பொத்திக்கொண்டு மண்ணில் உட்கார்ந்தான். மற்றவர்கள் ஓடினார்கள்.

“ஆத்தா அடிச்சா! ஆத்தா அடிச்சா!” என்று ஜனங்கள் கத்தினார்கள். உருமி மேளம் மறுபடி முழங்கியது. அப்பா ரத்தம் ஒட்டிய காசோடு பெல்ட்டைத் திரும்பக் கட்டிக்கொண்டு வரிசைக்கு நின்றார். ஒவ்வொருவராக வந்து நடுக்காசைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். என் முறை வந்தபோது என் விரலில் பிசுபிசுவென்று ஒட்டியது. அதையும் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். ஒற்றாமல் இருந்தால் அடி விழும். அதோடு, உண்மையைச் சொல்லிவிடுகிறேன், அன்றைக்கு எனக்கு அப்பாவைப் பார்த்துப் பெருமையாகவும் இருந்தது.

அம்மா முதலில் போனாள். அப்பா அவளுக்கப்புறம் ஒன்பது வருடம் இருந்தார். அவர் அஸ்தியைக் கரைக்கப் படகில் போனபோது என் பையில் பெல்ட் இருந்தது. எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: என் அண்ணன் அப்பாவாகிவிடக் கூடாது. அவன் ஏர்கோன் பழுது பார்க்கிறவன். மெதுவாகப் பேசுவான். ஆள் பேசுவதைக் கேட்க வலது பக்கம் தலையைச் சாய்ப்பான். கல்யாணமாகி ஒரு பெண் குழந்தை. அந்த வீட்டில் யாரும் யாரையும் அடித்து அதுவரை நான் கண்டதில்லை.

“இதையும் கடல்ல போட்டுருவோம்ணே,” என்றேன்.

அவன் பையைத் திறந்து பார்த்தான்.

“ஒரே ஒரு வருஷம் கட்டிக்கிறேன் பாப்பா. இதுக்கு நான் காதே குடுத்திருக்கேன்ல.”

மறுக்க முடியுமா? நான் பையைக் கொடுத்துவிட்டேன். அங்கேயே தூக்கிக் கடலில் எறிந்திருக்க வேண்டும்.

முதல் திருவிழாவில் அவன் வெட்கத்தோடு நின்றான். இரண்டாவதில் நேராக நின்றான். மூன்றாவதில் கோயில் மைக்கைப் பிடித்துக்கொண்டு, வரிசையில் செருப்போடு வந்த ஒரு பையனைக் காது கிழியத் திட்டினான். பேச்சு ஏறியது, மீசை ஏறியது. தாய் எட்டடி பாய்ந்தால் குட்டி பதினாறடி பாயும் என்பார்களே, அதை நான் என் கண்ணால் பார்த்தேன். கோயிலில் சண்டை போட்டுக்கொண்டவர்கள் அவனிடம் பஞ்சாயத்துக்கு வந்தார்கள். காசைத் தொட்டுச் சத்தியம் வாங்கித் தீர்ப்புச் சொன்னான். பொய் சொன்னதாக அவன் முடிவு செய்த ஒருவனைப் பட்டறைக்குப் பின்னால் கொண்டுபோய் அடித்தார்கள் என்று கேள்விப்பட்டேன். கேட்டதற்கு, “கோயில் விஷயம் உனக்கு எதுக்குலா?” என்றான்.

போன வருடம் அண்ணி என் வீட்டுக்கு வந்திருந்தாள். முறைக்கு அவள் அண்ணி, வயதில் என்னைவிடச் சின்னவள். அதனால் அவள் என்னை அக்கா என்பாள், நான் அவளை அண்ணி என்பேன். பாத்திரம் கழுவச் சட்டைக் கையைச் சுருட்டியபோது முழங்கைக்கு மேலே பார்த்தேன். நீலமும் மஞ்சளுமாக ஒரு வட்டம், அதன் ஓரத்தில் பூ வேலை செய்ததுபோல் சின்னச் சின்னக் கோடுகள். அந்த வட்டத்தை எனக்கு நன்றாகத் தெரியும். எங்கள் அம்மாவின் உடம்பில் அது எப்போதும் ஏதாவது ஓர் இடத்தில் இருக்கும்.

“விழுந்துட்டேங்க்கா,” என்றாள் அண்ணி.

“காசுமேல விழுந்தீங்களா?”

அவள் குழாயை மூடினாள். பிறகு சொன்னாள். வேலையிடத்தில் யாரோடோ பேசிச் சிரித்ததை யாரோ சொல்லியிருக்கிறார்கள். அண்ணன் காசைத் தொட்டுச் சத்தியம் செய்யச் சொல்லியிருக்கிறான். செய்தாள். பொய் என்று அடித்தான். அதற்கப்புறம் அது வாரா வாரம் நடந்தது.

நான் பங்சாரில் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். அடி வாங்கிய மனைவிமார்களின் மனுவைத் தட்டச்சு செய்கிற கை இது. போலீஸ் ரிப்போர்ட் செய்வோம், நானே கூட வருகிறேன் என்றேன்.

“அவரு கெட்டவரு இல்லக்கா. அது இடுப்புல ஏறுனாத்தான் அப்படி. அத மட்டும் எப்படியாவது அவருகிட்ட இருந்து எடுத்துருங்க.”

நானும் அப்படித்தான் நம்பினேன். அண்ணி போனில் காசை இரண்டு பக்கமும் படம் எடுத்து அனுப்பினாள். பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு மாடிப்படிக்குக் கீழே பழைய நோட்டும் நாணயமும் விற்கும் முஸ்லிம் பெரியவர் ஒருவர் இருக்கிறார். மதிய இடைவேளையில் அவரிடம் போனேன். இதற்கு நல்ல விலை என்று அவர் சொன்னால், அதைக் காட்டியாவது அண்ணனை விற்கச் சொல்லலாம் என்பது என் திட்டம்.

அவர் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்து உச்சுக்கொட்டினார்.

“புளி போட்டுத் தேய்ச்சீங்களா?”

“ஆமா அங்கிள். திருவிழாவுக்குத் திருவிழா.”

“ஐயோ, பழங்காச கழுவவே கூடாதும்மா. மூஞ்சியே போயிருச்சே. இப்ப இது வெறும் வெள்ளிதான்.”

“மூஞ்சி போனாலும் காளி காளிதான் அங்கிள்.”

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு ஒரு பெட்டியைத் திறந்து, பிளாஸ்டிக் உறையில் இருந்த ஒரு காசை எடுத்து என் கையில் வைத்தார். அதே காசு, தேயாதது. பெண்ணின் தலையில் இருந்தது கிரீடம் அல்ல, போர்வீரர்கள் போடும் இரும்புத் தொப்பி. கையில் இருந்தது முறம் அல்ல, கேடயம். அதன்மேல் வெள்ளைக்காரன் கொடி. சுற்றிலும் ஆங்கிலத்தில் ஒரு டாலர் என்று எழுத்து. திருப்பினால் நாங்கள் சக்கரம் என்று கும்பிட்ட இடத்தில் சீன எழுத்தும் மலாய்க்காரர்களின் ஜாவி எழுத்தும்.

“இது சாமி இல்லம்மா. வெள்ளைக்காரன் அவன் நாட்டையே ஒரு பொம்பளையா வரைஞ்சு வெச்சான். கடல் எங்களோடதுன்னு காட்டத்தான் கையில அந்த வேலு. யாவாரத்துக்கு அடிச்ச காசு.”

படித்தவள்தானே, இத்தனை வருடம் உனக்குத் தெரியாதா என்று கேட்பீர்கள். அந்தக் காசைக் கையில் எடுத்து உற்றுப் பார்க்கும் தைரியம் எங்கள் வீட்டில் யாருக்கும் இருந்ததில்லை. குங்குமம் வைக்கும்போதும் பயத்தில் பார்வை தாழ்ந்துவிடும், அடிக்க வரும்போதுதான் அதை நேராகப் பார்த்தோம். மிச்சமிருந்த அடையாளத்தையும் அம்மாவும் அண்ணியும் புளி போட்டு அழித்திருந்தார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. படிக்கட்டில் உட்கார்ந்து சிரித்தேன். நாங்கள் தொட்டுச் சத்தியம் செய்தது எங்களைக் கப்பலில் ஏற்றியவனின் கொடியை. சிரித்து முடித்ததும் காறித் துப்பவேண்டும்போல் கோபம் வந்தது. இதைச் சொன்னால் போதும், அண்ணன் பெல்ட்டை விட்டுவிடுவான் என்று நினைத்தேன். பொய்ச் சத்தியமே இல்லை, தண்டனையே இல்லை என்றால் அவனுக்கு விடுதலைதானே.

திருவிழாவுக்கு முந்தின ஞாயிறு காலை கிள்ளானில் அண்ணன் வீட்டுக்குப் போனேன். குழந்தை டியூஷனுக்குப் போயிருந்தது. அண்ணி பின்பக்கச் சமையலறையில் குந்தி உட்கார்ந்து, பிளாஸ்டிக் பேசின் ஒன்றில் புளித்தண்ணீர் கரைத்து, பெல்ட்டைத் தேங்காய் நாரால் தேய்த்துக்கொண்டிருந்தாள். அண்ணன் நாற்காலியைச் சமையலறை வாசலில் போட்டு அதைப் பார்த்துக்கொண்டே தேத்தண்ணி குடித்தான். நான் பிரிக்ஃபீல்ட்ஸில் எடுத்த படத்தைக் காட்டினேன். பெரியவர் சொன்னதை அப்படியே சொன்னேன். அவன் வலது காதை என் பக்கம் கொண்டுவந்து இரண்டு தடவை கேட்டான்.

“காளி இல்லங்கிறியா?”

“இல்லண்ணே. சாமியே இல்ல. நீ பண்ணது பொய்ச் சத்தியமும் இல்ல. ஒனக்கு ஒரு தண்டனையும் கெடையாது.”

அவன் முகம் தளரும், அழுவான், நான் பிடித்துக்கொள்வேன் என்று காத்திருந்தேன்.

“அப்ப என் காது?”

“அது அப்பா அடிச்சதுதாண்ணே. சும்மா அடிச்சதுதான்.”

“சும்மாவா?” என்றான். “சும்மாவா போச்சு என் காது?”

அவன் கேட்டது எனக்கு அப்போது புரியவில்லை. காளி எடுத்த காது என்றால் அதற்கு ஒரு மதிப்பு இருந்தது. அப்பா கோபத்தில் உடைத்த காது என்றால் அது வெறும் உடைந்த காது. முப்பது வருடமாக அவன் பிடித்துக்கொண்டு நின்றதை நான் ஒரே வாக்கியத்தில் பிடுங்கிவிட்டேன். பிடுங்கிவிட்டு அவன் சந்தோஷப்பட வேண்டும் என்று வேறு எதிர்பார்த்தேன்.

அப்போது அண்ணி பேசினிலிருந்து தலையைத் தூக்காமல், “அப்ப நான் வாரா வாரம் சத்தியம் பண்ணது இந்த வெள்ளைக்காரிகிட்டயா?” என்றாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள். சின்னச் சிரிப்புதான், மூக்கால் வந்தது.

அண்ணன் எழுந்து பேசினிலிருந்து பெல்ட்டை உருவினான். புளித்தண்ணீர் சுவரெல்லாம் தெறித்தது. முதல் அடி அண்ணியின் கழுத்தடியில் விழுந்தது. அவள் குந்திய நிலையிலேயே பக்கவாட்டில் சாய்ந்தாள், பேசின் கவிழ்ந்தது. இரண்டாவது அடி தோளில். சட்டை கிழிந்து ரத்தம் வந்தது. “சிரிக்கிறியா? சிரிக்கிறியா?” என்று கேட்டுக்கொண்டே கையை ஓங்கினான். குரல் அப்பாவின் குரல். நான் பாய்ந்து பெல்ட்டின் மறுமுனையைப் பிடித்து இழுத்தேன். புளி வழுக்கியதில் அவன் பிடி நழுவி, முழு பெல்ட்டும் என் கைக்கு வந்துவிட்டது.

அடித்தேன். முதல் அடி அவனை நிறுத்துவதற்கு. அவன் நின்றுவிட்டான், அது எனக்குத் தெரிந்தது. ஆனாலும் அடித்தேன். அம்மாவின் கைக்கட்டுக்காக அடித்தேன், பத்து வயதில் என் கால் நடுங்கியதற்காக அடித்தேன். அதற்கப்புறம் எதற்காகவும் இல்லை. அந்த பெல்ட்டை வீசப் பலமே தேவையில்லை என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. பாதி தூரம் நாம் வீசினால் போதும், மீதியைக் காசின் கனம் பார்த்துக்கொள்ளும். அண்ணன் முகத்துக்குக் குறுக்கே கையை வைத்தான். முன்கை எலும்பு முறியும் சத்தம் கேட்டது. நான் அந்தச் சத்தத்துக்கு அப்புறமும் நிறுத்தவில்லை. நிறுத்தத் தெரியவில்லை என்று எழுதத்தான் ஆசை. தெரிந்தது. நிறுத்தப் பிடிக்கவில்லை, அதுதான் உண்மை. அப்படி ஒரு சுகம் என் உடம்பில் இருக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

அண்ணி ஊர்ந்து வந்து அவன்மேல் விழுந்து மூடிக்கொண்டாள். என் கை நிற்பதற்குள் ஒன்று அவள் முதுகிலும் விழுந்துவிட்டது.

“போதும்க்கா,” என்றாள்.

தரையெல்லாம் புளித்தண்ணீரும் ரத்தமும். அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டு, வாயைத் திறந்து மூச்சுவிட்டுக்கொண்டிருந்தான். அண்ணி எழுந்து என் கையிலிருந்த பெல்ட்டை விரல் விரலாகப் பிரித்து வாங்கினாள். கழுவினாள். பாசாருக்குக் காய்கறி வாங்கப் போகும் பிளாஸ்டிக் பையில் போட்டு என்னிடம் நீட்டினாள்.

“எடுத்துட்டுப் போங்க. நீங்களும் கொஞ்ச நாளைக்கு இங்க வராதீங்க.”

மருத்துவமனையில், ஏர்கோன் மாட்டும்போது ஏணியிலிருந்து விழுந்ததாக அண்ணனே சொல்லிவிட்டான். என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை. திங்கட்கிழமை அலுவலகத்துக்குப் போய், கணவனிடம் அடி வாங்கிய ஒருத்தியின் மனுவைத் தட்டச்சு செய்தேன். ஒரு பிழையும் வரவில்லை.

புதன்கிழமை கோயில் துணைத் தலைவர் போன் செய்தார்.

“அண்ணனுக்குக் கை முடியலைன்னாங்க. பெல்ட்டு உங்ககிட்டன்னு கேள்விப்பட்டோம்மா. நீங்களே கட்டிட்டு நில்லுங்க. காலம் மாறிருச்சுலா, பொம்பளைங்க நிக்கலாம். மரியாதை காசுக்குத்தாம்மா, ஆளுக்கு இல்ல.”

வருகிறேன் என்றேன். போய் மைக்கைப் பிடித்து எல்லார் முன்னாலும் உண்மையைச் சொல்லப்போகிறேன், காசை அங்கேயே பிரித்துப் போடப்போகிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். போனில் அந்த நல்ல காசின் படத்தையும் வைத்திருந்தேன். கொமுட்டர் ரயிலில் கிள்ளான் போகும்வரை, பேசவேண்டியதை மனதுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன்.

கோயில் வாசலில் என் கையில் இருந்த பையைப் பார்த்ததும் கூட்டம் இரண்டாகப் பிரிந்தது. என் பெயரைக்கூட விசாரித்திராத பெரிய மனிதர்கள் செருப்பை ஓரமாகத் தள்ளி வழிவிட்டார்கள். பூசாரி சேலைக்கு மேலே பெல்ட்டைக் கட்டினார். பரிவட்டம் கட்டினார். முதல் திருநீறு தந்தார். உருமி முழங்கியது. மைக் எனக்குப் பக்கத்திலேயே இருந்தது. நான் அதை எடுக்கவில்லை. எடுத்திருந்தால் அந்த வழிவிடல் அங்கேயே முடிந்துபோயிருக்கும். அது முடிவதை நான் விரும்பவில்லை.

வரிசை வந்தது. ஒவ்வொருவராகக் குனிந்து நடுக்காசைத் தொட்டார்கள், நான் திருநீறு பூசினேன். ஏழெட்டுப் பேருக்கு அப்புறம் அண்ணன் வந்தான். கை கட்டுப் போட்டுக் கழுத்திலிருந்து தொங்கியது. அண்ணியைக் காணோம். அவனுக்கு இன்னும் அது காளிதான் என்பது நல்ல கையை நீட்டிய விதத்திலேயே தெரிந்தது. காசைத் தொட்டான், கண்ணில் ஒற்றிக்கொண்டான், நிமிர்ந்தான். திருநீறு பூச நான் கையைத் தூக்கினேன்.

அண்ணன் சட்டென்று முகத்தைத் திருப்பி, தோளை உயர்த்தித் தலையை ஒளித்துக்கொண்டான்.

எனக்காகக் காளியின் முன்னால் போய் நின்றவன் அவன். என் அண்ணன். வெட்கம் என்னைத் தின்றது. “அண்ணே, திருநீறுதாண்ணே,” என்றேன். உருமிச் சத்தத்தில் அவனுக்குக் கேட்கவில்லை. பின்னால் நின்றவர் அவன் முதுகைத் தொட்டு நகரச் சொன்னார். அவன் நகர்ந்தான். நான் பெல்ட்டை அவிழ்க்கவில்லை. வரிசையில் இன்னும் நிறையப் பேர் நின்றிருந்தார்கள்.